கிருமிப் படலம்

மார்ச் 4

டாக்டர் அம்மையார் அவர்களுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாகத்தான் இருப்பாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் உன் பெயருக்குப் பக்கத்தில் 'தலைமை ஆய்வாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்தேன். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தாளில் எழுதுகிறேன். வீட்டு முகவரியை நம் பாப்பா தர மாட்டேன் என்கிறாள். அதனால் உன் லேபுக்கே அனுப்புகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் கிரேன் ஏணியிலிருந்து விழுந்தபோது இடது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் போட்ட ராடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதில் குடியேறின கிருமியும் உள்ளேதான் இருக்கிறது. மூன்று தடவை திறந்து சுரண்டிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தையல் ஆறுவதற்குள் ஓரமாக ஒரு ஓட்டை விழுந்து சீழ் வழிகிறது. எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்கு உறைப்பதில்லை. போன வாரம் சர்ஜன் வந்து என் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இல்லை என்று இந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இனி ரெண்டே வழிதான். முழங்காலுக்கு மேல எடுத்துடலாம். இல்லைன்னா இங்கயே ஒரு புது மருந்து ட்ரயல் நடக்குது, அதுல சேர்ந்து பாருங்க" என்றார்.

சேருகிறேன் என்றேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் பொருந்துகிறது என்றார்கள். கடைசியாக ஒரு பெண் வந்து, "இந்த ஆய்வை நடத்தறவங்கள்ல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஹாஸ்டலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் பெண், "எங்கம்மா இருக்காங்க" என்றாள். ஃபைலை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

விவாகரத்து மனுவில் கையெழுத்துக் கேட்டு ஆறு வருஷமாக வக்கீலை விட்டு என் உயிரை வாங்கினாய். இதோ, எல்லாப் பக்கத்திலும் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். இனி நீ எனக்கு யாரோ, நான் உனக்கு யாரோ. இதைக் காட்டி என்னை உள்ளே சேர்த்துவிடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

கையெழுத்துப் போட்டவன்

*

மார்ச் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

மனு வந்து சேர்ந்தது. ஆறு வருஷமாக உங்களுக்குப் பேனா கிடைக்கவில்லை. கால் போகிறது என்றதும் கிடைத்துவிட்டது. வக்கீலிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

ஆனால் அதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. கோர்ட் விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவரை சட்டப்படி நீங்கள் என் கணவர். தீர்ப்புக்குப் பிறகும் என் மகளின் அப்பா. ஆய்வை நடத்துகிறவளின் குடும்பத்து ஆளை உள்ளே விட்டால், நாளைக்கு வரும் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. எழுதும்போது உங்கள் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன்.

சர்ஜன் உங்களிடம் எவ்வளவு விளக்கினாரோ தெரியாது. உங்கள் ராடின் மேல் கிருமிகள் தனித்தனியாகத் திரியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே கொழகொழவென்று ஒரு படலத்தைப் பூசிக்கொண்டு, அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. ஊசியில் ஏற்றும் மருந்து ரத்தத்தோடு சுற்றி, அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. அளவைக் கூட்டி ஏற்றினால் கிருமி சாவதற்கு முன் சிறுநீரகம் கெட்டுவிடும். நாங்கள் அதே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளுக்குள் அடைத்திருக்கிறோம். ராடைச் சுற்றி வைத்தால் அவை போய்ப் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருக்கும் அமிலப் புளிப்பில் மேலோடு கரைந்து, மருந்தை அங்கேயே கொட்டும். உடம்பின் மற்ற இடங்களுக்குப் போகாது.

முயலின் எலும்பில் இது வேலை செய்தது. மனிதனின் எலும்பில் செய்யுமா என்று தெரியாததால்தான் ஆய்வு. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு உருண்டை, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். என்னைக் கேட்டுப் போடாது.

ஆகவே காலை எடுக்கச் சம்மதியுங்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. செயற்கைக் கால் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நடக்கிறார்கள். உங்களுக்கு இருக்கும் வீறாப்பு அவர்களுக்கு இல்லை, அதனால் நடக்கிறார்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பாப்பாவின் அம்மா

*

மார்ச் 16

ஆய்வாளர் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அதனால் எழுதுகிறேன்.

செயற்கைக் கால் வைத்து நடக்கலாம், சரி. கிரேன் ஏணியில் ஏறலாமா? கேபினில் போய் உட்கார்ந்தால் கீழே எவன் கத்தினாலும் காதில் விழாது. கட்டடம் முழுவதும் என் கைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். அப்படி உட்கார்ந்து பிழைத்தவன் இனிமேல் சைட் வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வருகிற லாரிக்கெல்லாம் எழுந்து எழுந்து கேட் திறக்க வேண்டும். அதற்கு நீ மூன்று வரியில் சம்மதம் சொல்லிவிட்டாய்.

நீ ஒரு வழியும் இல்லை என்று எழுதினாய். ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டிக்காரரை நான் வரவழைத்துக் கேட்டேன். வழி இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவங்க ஆய்விலிருந்து முழுசா விலகிட்டா, உங்களைச் சேர்க்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனா அதை நாங்க கேக்க முடியாது."

அவர்கள் கேட்க முடியாது. நான் கேட்பேன். விலகு.

உனக்கு அது முடியாது என்பதும் தெரியும். முதன்முதலில் சீழ் வந்தபோது பாப்பா அழுது கூப்பிட்டாள் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? என் கட்டிலைத் தாண்டி நேராக சர்ஜனிடம் போனாய். "சீழ் கல்ச்சர்ல என்ன கிருமி வளர்ந்திருக்கு?" என்று கேட்டாய். அவர் ஒரு பெயர் சொன்னார். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என்னிடம் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டினவனைவிடக் கிருமிமேல் உனக்குப் பாசம் அதிகம்.

இன்னும் இரண்டு கால் உள்ளவன்

*

மார்ச் 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையோடு தாளை மடித்திருப்பேன். ஆனால் 'விலகு' என்பது உங்கள் வாயில் புதிய சொல் இல்லை. கல்யாணமான புதிதில் 'படிப்பை விடு' என்றீர்கள். பாப்பா பிறந்ததும் 'வேலையை விடு' என்றீர்கள். நான் எதையும் விடவில்லை என்றதும் என்ன செய்தீர்கள் என்று எழுதட்டுமா?

என் பட்டத்துக்காக நான் பேராசிரியர்கள் முன்னால் நின்று பேச வேண்டிய நாள். பள்ளிக்கூடத்தில் விடுகிறேன் என்று பாப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பிள்ளை வரவில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. உங்கள் போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டில் இல்லை, பூங்காவில் இல்லை, உங்கள் சைட்டில் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில், பல்கலைக்கழகத்தில் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தீர்கள். "அத்தை வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போனேன். இதுக்குப் போய் ஊரைக் கூட்டிட்டியே" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

மறுபடி எழுந்து நின்று, மறுபடி அவர்கள் முன்னால் பேசி, ஒவ்வொரு படியாக ஏறி வந்து இதைச் செய்திருக்கிறேன். என்னை நம்பி வீட்டை விட்டு வந்து வேலை செய்கிற பிள்ளைகள் லேபில் இருக்கிறார்கள். உங்கள் காலைக் காட்டி மிரட்டினால் நான் இறங்கிவிட மாட்டேன்.

வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வலிக்கிறது என்று உங்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. என்ன கிருமி என்று எழுதியிருக்கவில்லை.

பாப்பாவின் அம்மா

*

மார்ச் 29

கிருமி வளர்ப்பவளுக்கு,

நேற்றுப் பாப்பா வந்திருந்தாள். நீ எழுதின கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "அப்பா, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது" என்றாள்.

உன் லேபில் எலும்பை உறைய வைக்கிற குளிரில் ஒரு பெட்டி இருக்கிறதாம். அதில் நீ வைத்திருப்பது என் காலிலிருந்து எடுத்த கிருமியாம். முயலுக்கு ஏற்றியதும் அதைத்தானாம். உருண்டையைச் சோதித்ததும் அதில்தானாம். உன்னைப் பார்க்க லேபுக்கு வந்தபோது நீயே அவளிடம் காட்டினாயாம். "இதுதான் உங்கப்பா" என்றாயாம்.

நான் கத்தவில்லை. பாப்பாவைக் கேட்டுக்கொள்.

என் சீழை எடுத்து உன் பட்டறையில் போட்டுப் பெயர் வாங்கியிருக்கிறாய். என் கிருமிக்கென்றே செய்த மருந்து ஊரில் எவனுக்கோ போகும், எனக்கு மட்டும் கிடையாது. இதை நான் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அந்த வராந்தா அறிவிப்பில் உன் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

நேற்று மத்தியானம் குளிர் காய்ச்சல் வந்து கட்டில் ஆடியது. இன்று இறங்கியிருக்கிறது. சர்ஜன் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கிருமியின் சொந்தக்காரன்

*

ஏப்ரல் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

பத்திரிகைக்காரர் எத்தனை பேரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று சர்ஜனிடம் நீங்கள் சொல்லித்தான் எடுத்தார்கள். எதிரில் நின்று கேட்டவர் சர்ஜன் என்பதால் உடனே தலையாட்டினீர்கள். நான் கேட்டிருந்தால் இன்னும் ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

ஏன் உங்களுடையதை வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலருடைய கிருமி எங்களிடம் இருந்தது. எல்லாம் ஏதாவது ஒரு மருந்துக்குப் பணிந்தன. உங்களுடையது எதற்கும் பணியவில்லை, ஆளைப் போலவே. இதை அடக்கிவிட்டால் வேறு எதையும் அடக்கிவிடலாம் என்று அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாப்பா உங்களிடமிருந்து நேராக இங்கே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உங்களிடமிருந்து கொண்டுவந்த என் கடிதத்தை, என்னிடம் இருந்த உங்கள் கடிதங்களோடு சேர்த்து மேஜைமேல் போட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட அப்பாவோட கால்தான் கிடைச்சுதா?" என்றாள். விதியை எடுத்துச் சொன்னேன். "விதியெல்லாம் சரிதாம்மா. உங்க இடத்துல இன்னொருத்தர் உக்காரலாம். அப்பா இடத்துல யார் உக்காருவா?" என்றாள்.

இன்று காலை விலகிவிட்டேன். எனக்கு அடுத்த நிலையில் இருந்தவர் இனி தலைமை. நல்லவர், என்னைவிட நிதானமானவர். கதவு திறக்கும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆய்வு முடிந்து முடிவு வெளியாகும்வரை எதையும் பார்க்கக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, வளாகத்துக்குள் வரக் கூடாது. வெளியாகும்போது என் பெயர் அதில் இருக்காது. பிள்ளைகள் வாசல்வரை வந்தார்கள். ஒருத்தி என் வெள்ளைக் கோட்டை மடித்துக் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பஸ் பயணம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

நாளைக்கே கமிட்டிக்காரர் உங்களைக் கூப்பிடுவார். உருண்டை கிடைக்குமா, பழைய மருந்தா என்பது உங்கள் அதிர்ஷ்டம். காய்ச்சல் மறுபடி வந்தால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

நன்றி என்று ஏதாவது எழுதினால் பிரிக்காமல் குப்பையில் போடுவேன். இனிமேல் எழுத வேண்டியிருந்தால் புது முகவரி பாப்பாவிடம் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா

*

ஜூலை 20

என் ராங்கிக்காரிக்கு,

நன்றி என்று எழுதவில்லை. ஆகவே முழுவதும் படிக்கலாம்.

கால் இருக்கிறது. ஏப்ரலில் திறந்து பழைய ராடை உருவினார்கள். அதன்மேல் வழவழவென்று ஒட்டியிருந்ததை சர்ஜன் எனக்குப் போட்டோவில் காட்டினார். நீ எழுதியிருந்தது அப்போதுதான் உறைத்தது. எலும்பைச் சுரண்டிவிட்டுப் புதுசு போட்டு, சுற்றிலும் எதையோ வைத்துத் தைத்தார்கள். வைத்தது எது என்று யாரும் வாய் திறக்கவில்லை. மே மாதம் முழுக்க, கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நர்ஸ் முகத்தைத்தான் பார்ப்பேன், காலைப் பார்க்க மாட்டேன். ஒரு நாள் அந்தம்மா பஞ்சை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டி, "பாருங்க, ஈரமே இல்ல" என்றாள். அதிலிருந்து இன்றுவரை ஈரம் இல்லை. ஓட்டை மூடிவிட்டது. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு வார்டு முழுவதும் நடந்தேன். போன வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சர்ஜன் நின்றுகொண்டேதான் சொன்னார்.

அது உன் உருண்டைதான். எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனையோ மருந்துக்கு மசியாதது இதற்கு மட்டும் ஏன் மசிய வேண்டும்?

படுத்துக்கிடந்தபோது நிறைய யோசித்தேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய். ஊரில் இல்லாத கிருமியா? என்னுடையதைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். மனசில் ஒன்றும் இல்லாதவள் செய்கிற காரியமா அது? உன் வாயால் சொல்ல மாட்டாய். உன் ராங்கி எனக்குத் தெரியாதா?

அந்த மனுவை வாபஸ் வாங்கிவிடு. வக்கீலிடம் நான் பேசுகிறேன். உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், குனியத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நமக்குள் இருந்த ஒரே பிரச்சினை அந்த லேப்தான். இப்போது அந்தத் தொல்லையும் உனக்கு விட்டது. கல்லூரி வேலை என்றால் நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம். பாப்பாவும் லீவுக்கு ஒரே வீட்டுக்கு வரலாம். எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது.

எப்போது வருகிறாய் என்று ஒரு வரி போடு.

உன் கிரேன்காரன்

*

ஆகஸ்ட் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

கால் ஆறிவிட்டது என்று படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகுதான் மீதியைப் படித்தேன்.

என் உருண்டைதான் என்று சத்தியம் செய்கிறீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வழி இல்லை. பழைய ராடை எடுத்ததே பாதிக் கிருமியை எடுத்திருக்கும். சர்ஜன் இந்தத் தடவை நன்றாகச் சுரண்டியிருக்கலாம். உங்களுக்கு எது வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை என்னிடம் இல்லை. எல்லோருக்கும் தெரியும் அன்று எனக்கும் தெரியும். இதை எழுத எவ்வளவு நேரம் எடுத்தது என்று உங்களிடம் சொல்லி என்ன?

மனசில் ஒன்றும் இல்லாமலா என்று கேட்டீர்கள். இருந்தது. சர்ஜன் அந்தக் கிருமியின் பெயரைச் சொன்னபோது என் முகத்தில் நீங்கள் பார்த்தது வெளிச்சம் இல்லை. அந்தப் பெயர் வந்தால் கால் நிற்காது என்று அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். லேபுக்குப் போய் உங்கள் காலுக்காகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக அது எல்லோருடைய காலுக்கும் என்று ஆயிற்று. அதைத்தான் நீங்கள் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பாப்பாவும் படித்தாள். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டு, "அப்பாவுக்குப் புரியவே இல்லையாம்மா?" என்று கேட்டாள். புரியவில்லை என்றேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வராததைப் பார்த்துத்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

நீங்கள் நடக்க வேண்டும் என்று விலகினேன். நடக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு, அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வர மாட்டேன். அறையில் பாப்பா தங்கட்டும்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் நம்மைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் நேரில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். போன வாரம் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டில் இடது பக்கம் மட்டும்தான் கைப்பிடி இருக்கிறது. ஆகவே கம்பை வலது கையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் பெஞ்சு இருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள். அவசரம் இல்லை, நான் மேலே இருப்பேன்.

பாப்பாவின் அம்மா